ஜான் வெஸ்லி ஹார்டிங் (1967): மூன்று பேர், பன்னிரண்டு பாட்டு – கேட்க, வாசிக்க, தட்டு வாங்க

மரப்பாலம்:
அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் இந்த ஆல்பத்துக்குத் தனி இழை தேவைப்படுகிறது. பொது டிலன் இழையில் யார் இதை எடுத்தாலும் நாலாவது பதிவிலேயே பேச்சு அவரது முந்தைய ஆல்பம் ‘பிளாண்ட் ஆன் பிளாண்ட்’ பக்கம் போய்விடுகிறது.

அடிப்படையை வைத்துவிடுகிறேன். பதிவான இடம் கன்ட்ரி இசையின் ஊரான நாஷ்வில், கொலம்பியா ஸ்டூடியோ ஏ. மூன்றே அமர்வுகள்: 1967 அக்டோபர் 17, நவம்பர் 6, நவம்பர் 29. தயாரிப்பு பாப் ஜான்ஸ்டன். டிலன் அகூஸ்டிக் கிட்டாரும் ஹார்மோனிகாவும், ‘டியர் லேண்ட்லார்ட்’, ‘டவுன் அலாங் த கோவ்’ இரண்டிலும் பியானோ. பேஸ் சார்லி மெக்காய். டிரம்ஸ் கென்னி பட்ரி. கடைசி இரண்டு பாட்டுக்கு மட்டும் பீட் டிரேக்கின் பெடல் ஸ்டீல். வேறு யாரும் இல்லை. டிசம்பர் 27 அன்று தட்டு கடைக்கு வந்துவிட்டது. முன்னோட்டமாக சிங்கிள் எதுவும் விடவில்லை. அப்படியும் அமெரிக்காவில் 2ஆம் இடம், பிரிட்டனில் முதல் இடம்.

அந்த வருடம் ஜூனில்தான் பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்’ வந்திருந்தது. ஆர்க்கெஸ்ட்ரா, சிதார், திருப்பி ஓட்டிய டேப் என்று எல்லாரும் அடுக்கிக்கொண்டே போன நேரத்தில் இவர் மூன்று வாத்தியத்தோடு நிறுத்திக்கொண்டார்.

கேள்வி இதுதான். சின்னக் குழுக்கள் இந்தப் பாட்டுகளை எடுத்து வாசிக்கும்போது ஏன் பத்துக்கு எட்டுத் தடவை வெறுமையாக ஒலிக்கிறது? அதே மூன்று வாத்தியம்தானே?

ஆறுகம்பி:
‘ஆல் அலாங் த வாட்ச்டவர்’ ஒன்றை வைத்தே பதில் சொல்லலாம்.

ஒலிக்கும் சுருதி சி ஷார்ப் மைனர். கேப்போ (எல்லாக் கம்பியையும் ஒன்றாக அழுத்தும் கவ்வி) நாலாவது ஃப்ரெட்டில், பிடிக்கிற வடிவம் ஏ மைனர் – ஜி – எஃப் – ஜி. ஒவ்வொரு கார்டுக்கும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) இரண்டு அடி, ஆக எட்டு அடிக்கு ஒரு சுற்று. பாட்டு முழுக்க இதே சுற்றுதான், தனிப் பல்லவி கிடையாது, நடுவில் வேறு பகுதியும் கிடையாது. வேகம் நிமிடத்துக்கு 125 அடியை ஒட்டி. மொத்த நீளம் இரண்டரை நிமிடம்.

தப்பு ஆரம்பிக்கிற இடம், கேப்போ இல்லாமல் நாலாவது ஃப்ரெட்டில், ஒரே விரலைக் குறுக்கே வைத்து அழுத்தும் பார் கார்டாகப் பிடிப்பது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் எலக்ட்ரிக் கிட்டாரில் வாசித்த வடிவம் வழியாக இந்தப் பாட்டுக்கு வந்தவர்கள் கை தானாக அங்கே போகும். பார் பிடித்தால் ஆறு கம்பியும் ஒரே தடிமனில் ஒலிக்கும், திறந்த கம்பியின் மணியோசை போய்விடும். டிலனின் கிட்டார் இங்கே மெல்லிய, சற்று கரகரப்பான தாள வாத்தியம். மெல்லிய பிக், கை ஒலித்துளைக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில், மெல்லிய நாலு கம்பிக்கு அழுத்தம். தடித்த கம்பிகளை அடித்து நிரப்பினால் பேஸ் நிற்க வேண்டிய இடத்தில் நீங்கள் போய் நிற்கிறீர்கள்.

கேப்போவை ஃப்ரெட் கம்பியை ஒட்டி, அதன் பின்னால் வையுங்கள். நடுவில் வைத்தால் அதிகம் இறுக்க வேண்டிவரும், இறுக்கினால் சுருதி ஏறும், முதலில் ஏறுவது தடித்த மூன்று கம்பிகள். போட்ட பிறகு இன்னொரு தரம் சுருதி சேர்க்காமல் வாசிக்க ஆரம்பிக்காதீர்கள்.

தாளக்கட்டு:
ஆறுகம்பி சொன்னதில் பேஸுக்கு இடம் விடுகிற விஷயம்தான் மொத்த ஆல்பத்துக்கும் சாவி. இதில் இரண்டாவது குரல் ஹார்மோனிகா இல்லை, மெக்காயின் பேஸ்.

‘ஏஸ் ஐ வென்ட் அவுட் ஒன் மார்னிங்’ போட்டு, பாட்டை விட்டுவிட்டு பேஸை மட்டும் பின்தொடருங்கள். கார்டின் அடிச்சுரத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரவே மாட்டார். ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்கு நடந்து போவார், தாவுவார், டிலன் வரியை முடித்து மூச்சு விடுகிற இடத்தில் ஒரு சின்ன வாக்கியம் சொல்வார். அதே நேரம் பட்ரி ஸ்னேர் டிரம்மில் வேலையைக் கூட்டுவார். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நடக்கிறது. கிட்டாரை முழுதாக எடுத்துவிட்டாலும் பாட்டு நிற்கும்.

சின்னக் குழுவில் என்ன நடக்கிறது? பேஸ் வாசிப்பவர் ‘இது எளிமையான நாட்டுப்பாட்டுதானே’ என்று அடிச்சுரத்தையும் ஐந்தாவதையும் மாற்றி மாற்றிப் போடுவார். டிரம்மர் சிம்பலைத் திறந்து விடுவார். நடுவில் ஒரு பெரிய பள்ளம் விழும். உடனே கிட்டார்காரர் அதை நிரப்ப லீட் போடுவார். அங்கேயே பாட்டு போச்சு.

செய்ய வேண்டியது:

பேஸில் பிளாட்வூண்ட் (தட்டையாகச் சுற்றிய) கம்பி. இல்லையென்றால் பிரிட்ஜுக்கு முன்னால் கம்பிகளுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச். டோன் குமிழைப் பாதிக்கு மேல் குறைத்துவிடுங்கள். ஒவ்வொரு சுரமும் சீக்கிரம் அடங்கணும். நீண்டு ஒலித்தால் இத்தனை சுரம் வாசிக்க முடியாது, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கூழாகிவிடும்.

டிரம்ஸில் ஹைஹாட் (காலால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பல்) மூடியே இருக்கட்டும். ஸ்னேர் தோல்மேல் ஒரு மடித்த துணி, காலால் அடிக்கும் கிக் டிரம் உள்ளே தலையணை. கிராஷ் சிம்பலை மேடைக்கே கொண்டுவராதீர்கள். ஃபில் (இடைவெளியை நிரப்பும் சின்ன அடி) போடுவதென்றால் சரணம் முடிகிற இடத்தில் மட்டும்.

ஒத்திகையில் முதலில் பேஸும் டிரம்ஸும் மட்டும் முழுப் பாட்டையும் வாசிக்கட்டும். அது தனியாகக் கேட்கும்படி வந்த பிறகு கிட்டாரைச் சேருங்கள்.

புதுக்காது:
இதை கன்ட்ரி ராக்கின் ஆரம்பம் என்று பல இடத்தில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு முதல் பத்துப் பாட்டில் கன்ட்ரியே கேட்கவில்லை. ஃபிடில் இல்லை, ஸ்டீல் இல்லை. எதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள்?

மரப்பாலம்:
நியாயமான கேள்வி. முதல் பத்தும் நாட்டுப்பாடல் அச்சில் வார்த்தவை, பின்னால் நாஷ்வில் தாளக்கட்டு. கன்ட்ரி என்று தைரியமாகச் சொல்லக்கூடியவை ‘டவுன் அலாங் த கோவ்’, ‘ஐ’ல் பி யுவர் பேபி டுநைட்’ இரண்டும்தான். அதிலும் முதலாவது ப்ளூஸ் அமைப்பு. இரண்டாவதுதான் அசல் கன்ட்ரி: நடுவில் தனிப்பகுதி உண்டு, காதல் பாட்டு, குரலும் தளர்ந்து இனிமையாகிவிடுகிறது. 1969 ஏப்ரலில் வந்த ‘நாஷ்வில் ஸ்கைலைன்’ முழுக்க அந்தக் கதவு வழியாக வந்ததுதான்.

காலவரிசையில் பார்த்தால் ‘முதல்’ என்ற பட்டமும் கொஞ்சம் அதிகம். ஜீன் கிளார்க் காஸ்டின் சகோதரர்களோடு செய்த ஆல்பம் 1967 தொடக்கத்திலேயே வந்துவிட்டது. பேர்ட்ஸ் குழுவின் ‘ஸ்வீட்ஹார்ட் ஆஃப் த ரோடியோ’ 1968 ஆகஸ்ட். டிலன் செய்தது வேறு. ராக் ரசிகர்கள் மதிக்கிற ஒரு பெயர் நாஷ்வில்லுக்குப் போய் இப்படி அடக்கமாக ஒரு தட்டு போட்டதும், மற்றவர்களுக்குப் பாதை திறந்தது.

ஆறுகம்பி:
ஸ்டீல் பற்றி ஒரு வார்த்தை. பெடல் ஸ்டீலில் கம்பி மேல் ஒரு இரும்புத் துண்டு வழுக்கும், காலால் பெடலை மிதித்தால் கார்டுக்குள் ஓரிரண்டு கம்பி மட்டும் சுருதி மாறும், மற்றவை அப்படியே நிற்கும். அந்த ‘உள்ளே வளைகிற’ ஓசையை ஸ்லைடு கிட்டாரில் முழுதாகக் கொண்டுவர முடியாது. ஆள் இல்லாவிட்டால் போலியாகச் செய்யாதீர்கள். சாதாரண எலக்ட்ரிக் கிட்டாரில் ஒரு கம்பியை நிறுத்திவைத்து அடுத்த கம்பியை ஒரு முழுச்சுரம் இழுத்து, வால்யூம் குமிழைச் சுண்டுவிரலால் மெல்ல ஏற்றினால் போதும். டிரேக் வாசித்த அளவைக் கவனியுங்கள்: குரல் நிற்கிற இடத்தில்தான் வருகிறார்.

மூன்றாம்_சரணம்:
வாசிப்பைப் பற்றியே பேசுகிறீர்கள், பாட்டின் எலும்பைப் பார்க்க வேண்டும். ‘ஃப்ராங்கி லீ அண்ட் ஜூடாஸ் பிரீஸ்ட்’ என்ற நீளப் பாட்டையும் கடைசி இரண்டையும் ஒதுக்கி வையுங்கள். மீதி ஒன்பதும் மூன்றே சரணம், தனிப் பல்லவி கிடையாது. 1965-66இல் பக்கம் பக்கமாக எழுதியவர் இப்போது ஒரு சரணத்தில் ஆளை அறிமுகம் செய்து, இரண்டாவதில் சிக்கலை வைத்து, மூன்றாவதில் முடிக்காமல் விட்டுவிடுகிறார். வரிகள் சுருங்கிவிட்டன, வீண் சொல்லே இல்லை என்று கவிஞர் ஆலன் கின்ஸ்பர்க் கவனித்துச் சொல்லியிருக்கிறார்.

‘வாட்ச்டவர்’ எடுத்துக்கொள்ளுங்கள். காட்சிக்கு பைபிளின் ஏசாயா 21ஆம் அதிகாரம் அடிப்படை: காவல் கோபுரத்தில் நிற்பவன், ஜோடி ஜோடியாக வரும் குதிரைக்காரர், கடைசியில் பாபிலோன் விழுந்த செய்தி. டிலன் இதில் முதல் பாதியோடு நிற்கிறார். குதிரைக்காரர் இருவர் நெருங்குகிறார்கள், காற்று ஊளையிடுகிறது, பாட்டு தீர்ந்துவிட்டது. அந்த இருவர்தான் முதல் சரணத்தில் பேசிக்கொண்டிருந்த கோமாளியும் திருடனும் என்று வைத்துப் பாருங்கள். முடிவு ஆரம்பத்தில் போய்ச் சேரும். நிகழ்ச்சிகள் தலைகீழ் வரிசையில் சுற்றுகின்றன என்று டிலனே 1968இல் ‘சிங் அவுட்’ பத்திரிகைப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஆறுகம்பி காட்டிய கார்டுச் சுற்றும் எங்கேயும் ‘வீட்டுக்கு’ வந்து நிற்பதில்லை, ஜியிலிருந்து மறுபடி ஏ மைனருக்கே ஏறுகிறது. சொல்லும் இசையும் ஒரே வேலையைச் செய்கின்றன.

ஆகவே பாடும்போது கடைசிச் சரணத்தை உச்சம் போல இழுத்துக் கத்தினால் அர்த்தமே மாறிவிடும். அதே குரலில் பாடி, அதே வேகத்தில் ஹார்மோனிகாவுக்குள் போங்கள்.

புதுக்காது:
அந்த ஹார்மோனிகாவுக்கு எந்தச் சுருதி வாங்கணும்? சி வைத்திருக்கிறேன், சேரவே இல்லை.

ஆறுகம்பி:
கேப்போ போட்ட பிறகு சி சேராது. ஒலிப்பது சி ஷார்ப் மைனர், அதற்கு இணையான மேஜர் ஈ. ஈ ஹார்மோனிகா வாங்குங்கள். ஆதார சுரம் ஆறாவது துளையில் உள்ளிழுக்கும்போது கிடைக்கும். 4, 5, 6 துளைகளை ஊதினால் வருகிற ஈ கார்டு, அடியில் பேஸ் சி ஷார்ப் வாசிக்கும்போது நன்றாகப் பொருந்தும். வளைத்து வாசிக்கிற ப்ளூஸ் வித்தை எதுவும் வேண்டாம், நேராக ஊதி இழுத்தாலே வரும். கையில் இருக்கிற சியை வைத்தே வாசிக்க வேண்டுமென்றால் கேப்போவைக் கழற்றிவிட்டு ஏ மைனரிலேயே வாசியுங்கள்.

மைக்: கழுத்தில் ஸ்டாண்ட் மாட்டி வைத்து வாசித்தால் ஹார்மோனிகா குரலைவிடப் பலமாக அடிக்கும். வாசிக்கும்போது மைக்கிலிருந்து ஒரு சாண் பின்வாங்குங்கள். ஒலிப்பலகையில் இருப்பவரிடம் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், காது பிழைக்கும்.

இன்னொன்று. நாஷ்வில்லின் தலைசிறந்த ஹார்மோனிகா கலைஞர்களில் ஒருவர் சார்லி மெக்காய். அவர் இந்த ஆல்பம் முழுக்க பேஸைப் பிடித்துக்கொண்டு, டிலனை ஹார்மோனிகா வாசிக்க விட்டிருக்கிறார். அவர் பேஸ் ஏன் இவ்வளவு பாடுகிறது என்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தாளக்கட்டு:
‘ஃப்ராங்கி லீ அண்ட் ஜூடாஸ் பிரீஸ்ட்’ வாசிக்க நினைப்பவர்களுக்கு: ஜி – பி மைனர் – ஏ மைனர் – ஜி, பதினொரு சரணம், ஐந்தரை நிமிடம். இசை கடைசிவரை மாறாது. ஆறாவது சரணத்துக்கு மேல் எல்லாரும் எண்ணிக்கை தவறுகிற பாட்டு இது. வேகம் தன்னையறியாமல் ஏறும், ஏனென்றால் கதையை முடிக்கிற அவசரம். டிரம்மர் காதில் மெட்ரோநோம் வைத்துக்கொள்வதில் வெட்கமே வேண்டாம். பாடுபவர் ஒவ்வொரு சரணத்தின் கடைசி எதுகையையும் ஒரு தாளில் பதினொரு வரியாக எழுதிக் காலடியில் வைத்துக்கொள்ளலாம். முழு வரியும் தேவையில்லை. (ஜூடாஸ் பிரீஸ்ட் ஹெவி மெட்டல் குழு பெயரெடுத்தது இங்கிருந்துதான்.)

மரப்பாலம்:
எனக்கு ஒரு சந்தேகம் தீரவில்லை. இது வேண்டுமென்றே காலியாக விட்டதா, பாதியில் நின்றதா? பதிவுகளுக்கு நடுவில் டிலன், ‘த பேண்ட்’ குழுவின் ராபி ராபர்ட்சனையும் கார்த் ஹட்சனையும் பதிவான பாட்டுகளின் மேலே வாசிக்கக் கேட்டிருக்கிறார். கேட்டுப் பார்த்த ராபர்ட்சன், இதுவே நன்றாக இருக்கிறது என்று விட்டுவிட்டார். அவர் சரி என்றிருந்தால் நாம் கேட்பது வேறு ஆல்பம். அப்படியானால் இந்த ‘அடக்கம்’ தற்செயல்தானே?

மூன்றாம்_சரணம்:
இல்லை. அதே கோடையில் உட்ஸ்டாக் பக்கத்தில் அந்த ‘த பேண்ட்’ குழுவோடு நூற்றுக்கும் மேல் பாட்டு பதிவாகியிருந்தது. அதிலிருந்து ஒன்றைக்கூட இங்கே எடுத்துவரவில்லை. சொல்லை முதலில் எழுதி, மெட்டைப் பிறகு போட்டு, தனிக் கட்டாகத்தான் நாஷ்வில்லுக்குக் கொண்டுபோனார். முதல் அமர்வு அக்டோபர் 17. டிலன் ஆதர்சமாகக் கொண்ட நாட்டுப்பாடகர் வுடி கத்ரி இறந்தது அதே மாதம் 3ஆம் தேதி. பழைய நாட்டுப்பாடல் அச்சுக்குத் திரும்பிய மனநிலையை இதிலிருந்து பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. பாட்டின் அமைப்பே சின்னது. மேலே இன்னொரு கிட்டார் வந்திருந்தாலும் மூன்று சரணம் நாலாகியிருக்காது.

தாளக்கட்டு:
ஒலியைப் பொறுத்தவரை மரப்பாலம் பக்கம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கோர்டன் லைட்ஃபுட்டின் ‘த வே ஐ ஃபீல்’ ஆல்பத்தில் இதே மெக்காயும் பட்ரியும் வாசித்திருந்தார்கள். அந்த ஒலி வேண்டும் என்று முயன்றேன், கிடைக்கவில்லை, வேறு மாதிரி, சற்று அமுங்கிய ஒலியாக வந்தது என்று டிலன் 1969 ‘ரோலிங் ஸ்டோன்’ பேட்டியில் சொல்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். லைட்ஃபுட் தட்டில் கிட்டார்கள் மினுங்கும், தாளம் அவற்றுக்கு அடியில் இருக்கும். இங்கே தாளம் முன்னால் வந்துவிட்டது. குறிவைத்தது ஒன்று, விழுந்தது வேறு. ஆனால் மூன்றாவது அமர்வுக்கு டிரேக்கை அழைக்க முடிந்தவருக்கு முதல் இரண்டு அமர்வுக்கும் யாரை வேண்டுமானாலும் அழைத்திருக்க முடியும். ‘பிளாண்ட் ஆன் பிளாண்ட்’ செய்தபோது அதே ஊரில் அறை நிறைய ஆட்கள் இருந்தார்கள். இந்த முறை அவர்களைக் கூப்பிடவில்லை என்பதே பதில்.

மரப்பாலம்:
ஒப்புக்கொள்கிறேன், ஆள் எண்ணிக்கை தேர்வுதான். ராபர்ட்சன் விஷயத்தை மட்டும் நான் விடமாட்டேன்.

புதுக்காது:
அட்டைப்படத்தில் டிலன் பக்கத்தில் இருப்பவர்கள் இந்தியர்கள் மாதிரி இருக்கிறார்களே?

மூன்றாம்_சரணம்:
ஆமாம், வங்காளத்து பவுல் பாடகர்கள். பூர்ண தாஸ், லக்ஷ்மண் தாஸ், சகோதரர்கள். டிலனின் மேலாளர் ஆல்பர்ட் கிராஸ்மன் அவர்களை அமெரிக்காவுக்கு வரவழைத்திருந்தார். பின்னால் நிற்பவர் உட்ஸ்டாக் பக்கத்துத் தொழிலாளி. படம் எடுத்தவர் கொலம்பியாவின் ஜான் பெர்க். அதே பவுல் குழுவை கார்த் ஹட்சன், ‘த பேண்ட்’ குழுவினரின் பிக் பிங்க் வீட்டில் பதிவுசெய்து அது தனித் தட்டாகவும் வந்தது. பூர்ண தாஸுக்கு 2013இல் பத்மஸ்ரீ. ஏக்தாரா என்ற ஒற்றைக்கம்பி வாத்தியத்தோடு ஊர் ஊராகப் பாடி நடப்பவர்கள் இந்த ஆல்பத்தின் அட்டைக்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள்: உள்ளே இருப்பவர்களும் நாடோடி, அகதி, ஓடிப்போகிறவன், தூதன்.

மனிதர்களைப் பற்றிச் சொல்லும்போது: பெயர்ப் பாட்டின் நாயகன் நிஜ டெக்சஸ் கொலையாளி ஜான் வெஸ்லி ஹார்டின் (1853–1895). டிலன் கடைசியில் ஒரு எழுத்தைச் சேர்த்து, ஏழைக்கு நண்பன் ஆக்கிவிட்டார். ‘செயின்ட் அகஸ்டின்’ பாட்டிலும் அப்படியே. வரலாற்று அகஸ்டின் 430இல் ஹிப்போ நகரம் முற்றுகையில் இருந்தபோது நோயில் இறந்தவர், யாரும் கொல்லவில்லை. பாட்டிலோ கொன்றவர்களில் தானும் ஒருவன் என்கிறார் கனவு கண்டவர். ‘ஜோ ஹில்’ என்ற தொழிற்சங்கப் பாட்டின் தொடக்கத்தை எடுத்து, தியாகியின் இடத்தில் புனிதரை வைத்தது. அந்தப் பாட்டில் இறந்தவர் ‘நான் சாகவில்லை’ என்று தைரியம் கொடுப்பார். இங்கே விழித்தெழுந்தவர் தலைகுனிந்து அழுகிறார். வரலாறு தெரியாமல் எழுதியது என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள், கொலை என்று மாற்றியதால்தான் அந்தக் குற்றவுணர்வுக்கு இடம் கிடைக்கிறது.

கருந்தட்டு:
தட்டு வாங்க நினைப்பவர்களுக்கு.

அமெரிக்க முதல் அச்சில் மோனோ சிஎல் 2804, ஸ்டீரியோ சிஎஸ் 9604. மோனோ விற்பனை ஓய்ந்துகொண்டிருந்த நேரம் என்பதால் மோனோ குறைவாகவே கிடைக்கும், விலையும் அதிகம். ஸ்டீரியோவில் சிவப்பு லேபிளில் ‘360 சவுண்ட்’ என்று இருந்தால் 60களின் அச்சு. லேபிள் ஓரம் முழுக்க கொலம்பியா பெயர் சுற்றி ஓடினால் 70களின் மறுஅச்சு, அதற்கு முதல் அச்சு விலை கொடுக்காதீர்கள். பாட்டு முடிந்த பிறகு இருக்கும் வெற்று வளையத்தில் எக்ஸ்எஸ்எம் என்று தொடங்கினால் ஸ்டீரியோ, எக்ஸ்எல்பி என்றால் மோனோ. அட்டை ஒன்று, தட்டு ஒன்றாக மாற்றி விற்பதுண்டு, ஆகவே வளையத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

சோதிக்க வேண்டிய இடம் இரண்டு பக்கத்திலும் கடைசிப் பாட்டு. உள் வளையத்தில் ஊசி கடக்கிற நீளம் குறைவு, கூர்மையான ஓசைகள் அங்கேதான் முதலில் தேயும். முதல் பக்கத்தில் ‘டிரிஃப்டர்ஸ் எஸ்கேப்’ ஹார்மோனிகா வருகிற இடத்தை ஓட்டிப் பாருங்கள். அங்கே கரகரவென்று உடைந்தால் கழுவினாலும் சரியாகாது, பழைய கனமான ஊசி வெட்டிய தேய்மானம் அது. வெறும் படபடப்பு என்றால் தூசி, கழுவினால் போகும்.

மோனோ தட்டை ஸ்டீரியோ ஊசியில் போடலாம், கெடாது. ஆம்பிளிஃபையரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள், இரண்டு பக்கச் சத்தமும் கூடும்போது மேலும் கீழுமாக வரும் கீறல் ஓசை பெரும்பாலும் அடங்கிவிடும்.

தாளக்கட்டு:
மோனோவா ஸ்டீரியோவா, எது?

கருந்தட்டு:
நீங்கள் பேசிய பேஸுக்காக என்றால் மோனோ. குரலும் பேஸும் டிரம்ஸும் ஒரே தூணாக நிற்கும். பழைய தட்டு தேட வேண்டாம் என்பவர்களுக்கு 2010இல் வந்த மோனோ தொகுப்பில் இந்த ஆல்பமும் உண்டு. கிட்டார் எந்த வடிவம் பிடிக்கிறது என்று காதால் கண்டுபிடிக்கிற வேலைக்கு ஸ்டீரியோ வசதி.

புதுக்காது:
ஒத்திகை டேக்குகள் ஏதாவது வெளிவந்திருக்கிறதா?

கருந்தட்டு:
டிலனின் வெளிவராத பதிவுகளைத் தொகுக்கும் பூட்லெக் வரிசையில் 2019இல் வந்த 15ஆம் தொகுப்பு, ‘டிராவலின் த்ரூ’. முதல் இரண்டு அமர்வுகளிலிருந்து ஏழு மாற்று டேக்குகள் (ஆல்பத்தில் சேராத பதிவு முயற்சிகள்) இருக்கின்றன. மூன்றாவது அமர்விலிருந்து ஒன்றும் இல்லை, ஆகவே டிரேக்கின் ஸ்டீலுக்கு மாற்று எதிர்பார்த்து வாங்க வேண்டாம். ‘வாட்ச்டவர்’ மூன்றாவது டேக், ‘ஏஸ் ஐ வென்ட் அவுட்’ முதல் டேக் இரண்டையும் முதலில் எடுங்கள். ஆல்பத்தில் உள்ளதற்குப் பக்கத்தில் வைத்து, சரணத்துக்கும் ஹார்மோனிகாவுக்கும் நடுவில் பேஸ் என்ன செய்கிறது என்று மட்டும் குறித்துக்கொண்டே போங்கள்.

தாளக்கட்டு:
குறித்ததை இங்கே போடுங்கள் புதுக்காது. ‘ஏஸ் ஐ வென்ட் அவுட்’ பேஸ் வரிசையைச் சுரம் சுரமாக எழுதி நானும் ஏற்றுகிறேன், ஒப்பிட்டுத் திருத்தலாம். பேஸ் வாசிக்கிறவர் இருந்தால் முதலில் முக்கால் வேகத்தில் ஓட்டிப் பழகட்டும்.